குமிழ்க் கட்டைகளும் விண்வெளி ஓட்டியும்

ஊர்தி செய்யப் புகுபவன் முதலில் அதில் அமரப் போகிறவனை அளந்து பார்க்க வேண்டும். பல்லக்குச் செய்த தச்சன் இதை அறிந்திருந்தான். கட்டைகளை அடுக்கிச் சிறுவர்கள் செய்யும் விண்வெளி ஊர்திக்கும் இவ்விதி பொருந்துமா? நேயர்களே, கட்டிலடியில் கிடந்து நம் வெறுங்காலைப் பதம் பார்க்கும் லெகோ கட்டைகளின் வரலாற்றைக் கொண்டே இதை ஆராய்வோம்.

டென்மார்க்கு நாட்டில் பில்லுண்டு என்பது அக்காலத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்னும் தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949-இல் அவர் நிறுவனம் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டது. அவற்றுக்கு முன்மாதிரி இங்கிலாந்தில் ஹிலாரி பிஷர் பேஜ் என்பவர் செய்த கட்டைகளே. இதையும் சொல்லிவிடுவதுதான் முறை. அடிப்புறம் வெறும் பொள்ளலாக இருந்தமையால் பிடிப்புப் போதவில்லை. 1958 ஜனவரி 28-ஆம் நாள், தச்சரின் மகன் காட்பிரெட், அடியில் குழல்கள் அமைந்த கட்டைக்குக் காப்புரிமை கோரினார். கீழ்க்கட்டையின் குமிழை மேற்கட்டையின் குழல் இறுகப் பற்றிற்று, இழுத்தால் விட்டது.

வண்டிகள் பெருகின; ஏறிச் செல்லத்தான் ஆள் இல்லை. 1975-இல் வந்த நிலவுப் பயணப் பெட்டியில் விண்வெளி வீரனையே கட்டைகளால் எழுப்ப வேண்டியிருந்தது. அதே ஆண்டில் வந்த சிறு மனித உருவமோ கைகால் அசையாதது. நின்றபடியே காலம் கழித்தது. 1978-இல் யென்ஸ் நைகார்டு நுட்சென் என்னும் வடிவமைப்பாளர் வகுத்த உருவமே இக்குறையைத் தீர்த்தது. அது கால்களை மடக்கி அமர்ந்தது. காலின் பின்புறத் துளைகள் இருக்கையின் குமிழ்களைப் பற்றின. வளைந்த கை நெம்புகோலைப் பிடித்தது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். தலையணி நீங்கலாக, நம் மனிதன் நான்கு கட்டை உயரம், அதாவது ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். காலின் அகலம் மட்டுமே இரண்டு குமிழ். தோளும் கையும் அதற்கு வெளியேயும் நீளும். ஆறடி ஆளாக இவனைப் பெருக்கிப் பார்த்தால், நம் வீட்டுக் கதவில் நேராக நுழையத் தயங்குவான்! உயரத்தைக் கொண்டு அளந்தால் வண்டி ஒடுங்குகிறது. அகலத்தைக் கொண்டு அளந்தால் ஊதிப் பெருக்கிறது. நான்கு குமிழ் அகலமுள்ள நகரத்துக் காரில் இருவர் தோளோடு தோள் சேர்ந்து அமர இயலாது. உண்மைக் காரைத் தெருவில் பார்த்த சிறுவன் இப்பொய்யை உடனே கண்டுகொள்வான்.

விண்வெளி ஊர்திக்கு இத்தொல்லை இல்லை. ஒப்பிட்டுக் குறை கூறத் தெருவில் எந்த விண்கலமும் ஓடுவதில்லை. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தார் நிலவில் ஓட்டிய வண்டியைப் படத்தில் பார்த்தவர் உண்டு. ஆனால் அதைப் போலவே செய்ய வேண்டும் என்று யார் கட்டளையிட்டார்? ஆகவே ஓட்டி ஒருவனே அளவுகோலானான். முதலில் அவனை அமர்த்துக. கைக்கு எட்டும் இடத்தில் நெம்புகோலை வைக்க. தலைக்கவசம் தட்டாதபடி கண்ணாடி மூடியைக் கவிழ்க்க. அதன்பின் சக்கரமோ சிறகோ உந்துகுழலோ, அவரவர் மனம் போல. 1979-இல் வந்த கேலக்ஸி எக்ஸ்புளோரர் என்னும் நீலமும் சாம்பலுமான கலம் இம்முறையிலேயே அமைந்தது. 2022-இல் அதே கலத்தை ஒன்றரை மடங்காகப் பெருக்கி வெளியிட்டபோதும் ஓட்டியின் அளவை மாற்றவில்லை. அக்கால வீரனின் தலைக்கவசத்தில் மோவாய்ப் பட்டை மெல்லியது, அடிக்கடி உடைந்தது. அக்குறையையும் அன்பர்கள் இன்று பாசத்தோடு நினைவுகூர்கின்றனர்.

கம்பெனி வகுத்த கலத்தைக் கட்டி அலமாரியில் வைப்பது சிறப்பா, கலைத்துத் தாமே ஒன்று புனைவது சிறப்பா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. நாம் இரண்டாவது கட்சி. அந்நாளைய பெட்டிகளின் பின்புறத்தில் அதே கட்டைகளால் செய்த வேறு ஊர்திகளின் படங்கள் இருந்தன. செய்முறை மட்டும் அச்சிடப்படவில்லை. சிறுவன் ஓட்டியைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து, அவனைச் சுற்றித் தானே கட்டைகளை அடுக்கத் தொடங்கினான்.