பகல் பன்னிரண்டுக்குள் கல்யாணம்: இங்கிலாந்தின் பழைய சட்டமும் குளிர்காலச் சூரியனும்



கல்யாணத்துக்கு நேரம் குறிப்பது நம் ஊரில் ஜோசியர் வேலை. இங்கிலாந்தில் பல தலைமுறைகளாக அந்த நேரத்துக்கு எல்லை போட்டது சட்டம். 1604-ஆம் ஆண்டுத் திருச்சபை விதிகளில் 62-ஆவது விதி, திருமணம் காலை 8 மணிக்கும் பகல் 12 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்றது. ஊரறிய, பட்டப்பகலில் நடக்கட்டும் என்பதே நோக்கம்.

அப்படியும் திருட்டுக் கல்யாணங்கள் நிற்கவில்லை. லண்டனில் ஃபிளீட் சிறைச்சாலையைச் சுற்றியிருந்த தெருக்களில் சில பாதிரியார்கள் காசு வாங்கிக்கொண்டு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் திருமணம் செய்துவைத்தார்கள். அதை ஒழிக்க வந்ததுதான் 1753-ஆம் ஆண்டின் ஹார்ட்விக் பிரபு சட்டம். பொது அறிவிப்பு அல்லது உரிமம் வேண்டும், தேவாலயத்தில் நடக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்கு இருந்தது.

பிறகு நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1886-இல் பிற்பகல் 3 மணி வரை, 1934-இல் மாலை 6 மணி வரை. இந்த எண்களைச் சூரியனோடு வைத்துப் பாருங்கள். டிசம்பர் நடுவில் லண்டனில் சூரியன் உதிப்பது காலை 8 மணிக்கு; மறைவது 3.50-ஐ ஒட்டி. ஆகவே 3 மணி என்ற எல்லை இருந்தவரை, ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும் மணமக்கள் வெளிச்சத்திலேயே தேவாலயத்தை விட்டு வெளியே வந்தார்கள். 1934-க்குப் பிறகுதான் குளிர்கால இருட்டிலும் சட்டப்படி கல்யாணம் நடத்த வழி பிறந்தது. 2012 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாட்டின் திருமணச் சட்டத்தில் நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் அங்கே கல்யாணச் சாப்பாட்டுக்கு, மாலையில் பரிமாறினாலும், 'வெட்டிங் பிரேக்ஃபாஸ்ட்' என்றுதான் இன்றும் பெயர்!

புகைப்படத்தின் கதையும் வெளிச்சத்தின் கதைதான். விக்டோரியா ராணியின் திருமணம் 1840 பிப்ரவரி 10-இல் நடந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் திருமணத்துக்குப் புகைப்படமே கிடையாது. அவருடைய 'கல்யாணப் படம்' என்று இன்று சுற்றிவருவது 1854-இல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. அன்றைய கேமராவுக்கு நல்ல பகல் வெளிச்சம் வேண்டும்; ஆட்கள் அசையாமல் நிற்கவும் வேண்டும். அதனால் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோவுக்கு வேறொரு நாளில் போய்ப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமானது. மக்னீசியம் கலந்த ஃபிளாஷ் பொடி ஜெர்மனியில் 1887-இல் வந்தது. வெளிச்சத்தோடு புகையையும் கக்கியது. ஃபிளாஷ் பல்பு வந்தது 1929-இல்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், லண்டனில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருவர் மகளுக்குத் தை மாதக் கல்யாணம் வைத்திருக்கிறார். முகூர்த்தம் காலை பத்தரைக்குள். போட்டோகிராபர் கொடுத்த பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார். சாப்பாடு முடிந்ததும் மேடையில் வாழ்த்து வரிசை, 2 மணிக்கு மணமக்கள் மட்டும், 4 மணிக்குக் குடும்பப் படம் என்று அதில் இருந்தது. ஜனவரிக் கடைசியில் அங்கே சூரியன் மறைவது நாலரைக்கும் நாலே முக்காலுக்கும் இடையில். 84 வயதுப் பாட்டி நம் ஊரிலிருந்து போகிறார். 4 மணிக்கு வெளிச்சமும் மங்கத் தொடங்கியிருக்கும், பாட்டிக்குத் தெம்பும் இருக்காது.

நான் சொன்ன யோசனை இதுதான். சூரியன் மறையும் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தாலி கட்டி முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்பே, பெரியவர்களோடு படம் எடுங்கள். வெளியே குளிரில் நிறுத்த வேண்டாம். மண்டபத்தில் தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல் இருந்தால் அதன் ஓரம் போதும். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தெற்கே தாழ்வாகத்தான் நகரும். டிசம்பர் 21 நண்பகலிலேயே அது அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான். சென்னையில் அதே நாளில் 53 பாகைக்கு மேல். அதாவது அங்கே உச்சி வெயில் என்பது, நம் ஊரில் மார்கழி மாலை நாலரை மணி வெயில் மாதிரி. முகத்துக்கு இதமான வெளிச்சம்.

ஆனால் அதில் ஒரு சங்கடமும் உண்டு. 15 பாகையில் நிழல் உயரத்தைப் போல மூன்றே முக்கால் மடங்கு நீளும். பத்து மீட்டர் கட்டடத்தின் நிழல் 37 மீட்டர் போகும். ஜனவரிக் கடைசியில் நண்பகல் நிழல் சற்றுக் குறைந்தாலும், பிற்பகலில் மறுபடி நீளும். சூரியன் வானில் இருந்தும் மண்டபத்துத் தோட்டம் முழுக்க நிழலில் கிடக்கலாம். ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில் போய் நின்று பாருங்கள்.

மணமக்களை இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் வெளியே அழைத்துப் போகலாம். சூரியன் மறைந்த பிறகும் அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் அந்தி வெளிச்சம் நிற்கும். நம் ஊர்போலச் சட்டென்று இருட்டாது. அது கொசுறு, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பரிசுப் பொருளோடு வரும் வாழ்த்து வரிசைக்கு எப்படியும் மின்விளக்குதான். அதை மாலைக்குத் தள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் சட்டம் வெளிச்சத்தையும் சாட்சிகளையும் கேட்டது. இப்போது சட்டம் விலகிக்கொண்டது, பொறுப்பு வீட்டாருடையது. மணமக்களுக்கு இன்னும் எத்தனையோ மாலைகள் வரும், எப்போது வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி தாத்தாக்களுக்கு அந்த ஒரு பகல்தான். பட்டியலில் முதல் இடம் அவர்களுக்குத்தான்.

குளிர்நாடுகளில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்