ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண்ணை எனக்கு அறிமுகம் செய்தவன் என் பேரன். "தாத்தா, உங்க ராமானுஜன் இந்த ஒண்ணை விட்டுட்டார், தெரியுமா?" என்றான். நாற்பது ஆண்டு கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். "உளறாதேடா" என்று சொல்லிவிட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். 12 என்ற எண்ணை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்கள் உடையது உயர் பகு எண். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து 1914-இல் கப்பலேறிய ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு.

அதில் 24,094 கோடிச் சொச்சத்துக்கு 4800 வகுஎண்கள். அடுத்தது 32,125 கோடிச் சொச்சம், அதற்கு 5376. நம் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. இந்த முறைகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2 = 5040. நாலாயிரத்து எண்ணூறைத் தாண்டிவிட்டது. பேரன் சொன்னது சரிதான்!

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். உயர் பகு எண்ணில் சிறிய பகா எண் வரும் முறையைவிடப் பெரியது அதிக முறை வராது. கடைசிப் பகா எண், 4, 36 என்ற இரண்டைத் தவிர, ஒரே முறைதான் வரும் என்று ராமானுஜன் அதே கட்டுரையில் நிறுவியிருக்கிறார். விடுபட்ட எண் அந்த விதிக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதை 23-ஆல் பெருக்கினால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதுதான் அவருடைய அட்டவணையின் கடைசி எண்! விட்ட எண் கடைசி வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள், அவர் எழுதினார் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவருடைய பக்தியில் நான் கை வைக்கவில்லை. ஆனால் கனவில் வந்த பட்டியலில் ஓர் எண் விட்டுப் போகுமா? கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் விட்டுப் போகும். பேரேடு எழுதிய எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஊரைவிட்டு வந்து இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையோடு இந்த அட்டவணையையும் காட்டுவோம். அந்த 102 வரிகளில் இருப்பது ஒரு மனிதரின் உழைப்பு. விட்டுப்போன ஒன்றுதான் அதற்குச் சாட்சி.