ஈற்றில் நிற்கும் ‘வித்’: சிட்னி, மெல்பர்ன் தமிழரின் ஆங்கிலத்தில் பெயரடையும் ஃப்ரேசல் வெர்பும்

‘அவர் பழகுவதற்கு இனிமையானவர்’ என்பது குறையில்லாத தமிழ் வாக்கியம். யாரோடு பழகுவதற்கு என்று எவரும் கேட்பதில்லை. ‘அவரோடு பழகுவது இனிமை’ என்பதில் இருந்த ‘ஓடு’ உருபு, ‘அவர்’ எழுவாயாகி முன்னே வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்ல ‘ஹி இஸ் ஈஸி டு கெட் ஆன் வித்’ என்று முடிக்க வேண்டும். ‘ஹிம்’ போன பிறகும் ‘வித்’ நின்றாக வேண்டும். பெயரடையை அடுத்து வரும் ஃப்ரேசல் வெர்புகளில் (‘கெட் ஆன்’ போல வினையும் இடைச்சொல்லும் சேர்ந்தவற்றில்) தமிழர் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். அதன் வேரைச் சொற்பட்டியலில் தேடிப் பயனில்லை, நம் எச்சத்தொடர்களில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95,404 பேர். சிட்னியின் துங்காபி, பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் பகுதிகளிலும் மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர்களிலும் வாழும் தமிழர்களில் திறனாளர் விசாவில் வந்த பலர் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது பி.டி.இ. ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறியவர்கள். அகதிகளாகவும் குடும்ப விசாவிலும் வந்த பலருக்கு, 1948 முதல் அரசு நடத்திவரும் வயதுவந்தோர் ஆங்கில வகுப்புகள் உண்டு. இரு சாராருக்கும் பணியிடத்தில் எதிர்ப்படுவது வேறோர் ஆங்கிலம். வேலை முடிந்து கிளம்புவது ‘நாக் ஆஃப்’, வந்து சேர்வது ‘ராக் அப்’, காட்டிக்கொடுப்பது ‘டாப் இன்’, துப்புத் துலக்கி அறிவது ‘சஸ் அவுட்’. இவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கும் கையேடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டியல் வினையின் பொருளைத்தான் சொல்லும். வாக்கியத்தில் ஒரு பெயர் இடம்பெயரும்போது அந்த வினையின் வால் என்ன ஆகும் என்று சொல்லாது.

பெயரடைக்குப் பின் வரும் எல்லா அமைப்பும் தொல்லை தருவதில்லை. ‘ரெடி டு டேக் ஆஃப்’, ‘டூ டயர்ட் டு கெட் அப்’ போன்றவற்றில் எழுவாயே வினையையும் செய்கிறது. ‘கிளம்பத் தயார்’, ‘எழ முடியாத அளவு களைப்பு’ என்று தமிழும் ஏறக்குறைய அதே வழியில் போகிறது. ‘ஃபெட் அப் வித் ஹிம்’ என்பதிலும் சிக்கல் இல்லை, ‘வித்’துக்குப் பின் பெயர் வந்துவிடுகிறது. இங்கே ‘வித்’தைச் சரியாகப் போடுகிற அதே ஆள் ‘ஹி இஸ் ஹார்ட் டு புட் அப்’ என்று ‘வித்’ இல்லாமல் நிறுத்தினால், அவருக்குச் சொல் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

சிக்கல் தருபவை ஈஸி, ஹார்ட், டஃப், இம்பாசிபிள் போன்ற பெயரடைகள். இவற்றின் எழுவாய், பின்வரும் வினைக்குச் செயப்படுபொருளாகவோ முன்னிடைச்சொல்லின் பெயராகவோ இருந்து இடம்பெயர்ந்தது. ஜெஃப்ரி புல்லமும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ரோட்னி ஹடில்ஸ்டனும் 2002இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம் இத்தகைய தொடரை உள்ளே வெற்றிடம் கொண்டது என்ற பொருளில் ‘ஹாலோ’ என்கிறது. அந்நூல் ஃப்ரேசல் வெர்ப் என்ற கலைச்சொல்லையே ஏற்கவில்லை. வினையும் இடைச்சொல்லும் சேர்ந்து ஒரே வினையாகிவிடுவதில்லை என்பது அதன் நிலைப்பாடு. கான்பராவில் பணியாற்றிய ஆர். எம். டபிள்யூ. டிக்சன் 1982இல் இவ்வினைகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, இடைச்சொல்லும் பெயரும் எந்த இடங்களில் அமைகின்றன என்பதை வைத்து அவற்றை வகைப்படுத்தியது. கலைச்சொல் பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. இடங்களைப் பார் என்ற டிக்சனின் வழிதான் தமிழ் மாணவருக்கு உதவும்.

‘தமிழ் இஸ் ஈஸி டு பிக் அப்’ என்பதில் ‘அப்’பை விட்டுவிட நமக்குத் தோன்றாது. ‘கற்றுக்கொள்ள எளிது’ என்னும்போது ‘கொள்’ நிற்பதுபோல ‘அப்’பும் வினையோடு நிற்கிறது. ‘புட் அப் வித்’ அப்படியன்று. அதன் ‘அப்’ ‘பொறுத்துக்கொள்’ளின் ‘கொள்’ளுக்கு ஒப்பு, ‘வித்’ வேற்றுமை உருபுக்கு ஒப்பு. தமிழ் துணைவினையைக் காக்கும், உருபை உதிர்க்கும். ஆகவே மூன்று சொல் வினைகளில் மூன்றாவது சொல்லே விழ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அது விழும்போது பொருளும் மாறுகிறது. மெல்பர்னில் தாழ்தள டிராமைப் பற்றி ‘ஈஸி டு கெட் ஆன்’ என்றால் ஏறுவது சுலபம் என்று பொருள், வாக்கியமும் சரி. உடன் வேலை செய்பவரை அப்படிச் சொன்னால் அவரும் டிராம் ஆகிவிடுகிறார்.

இந்த உதிர்ப்பு தற்செயலானதன்று. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாகத் தொல்காப்பிய வினையியல் வகுக்கிறது. வாழ்ந்த ஊர், எழுதிய பேனா, வந்த நாள் ஆகிய எவற்றிலும் உருபு இல்லை. உறவைக் கேட்பவரே உணர்ந்துகொள்கிறார். உடனிகழ்ச்சி அந்த ஆறில் பெயர் சொல்லி வரவில்லை என்பது உண்மை. ஆனால் ‘ஒடு’ மூன்றாம் வேற்றுமைக்குள் கருவியோடு சேர்ந்தே நிற்பது. ‘நான் பழகிய மனிதர்கள்’ என்பதும் வழக்கில் தடையின்றி வருகிறது. செய என்னும் எச்சத்திலும் இதே கதைதான். சென்னைக்காரர் உட்கார நாற்காலி கேட்கிறார், யாழ்ப்பாணத்தவர் இருக்கக் கதிரை கேட்கிறார்; ‘மேல்’ என்ற சொல் இருவருக்கும் தேவைப்படவில்லை. ‘சேர் டு சிட்’ என்று எழுதிச் சிவப்பு மையில் ‘ஆன்’ வாங்கியவர்களுக்கு இது பழைய கதை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இலேன் கிளைன் 1993இல் வெளியிட்ட நூல், ஆங்கிலம் கற்கும் பல மொழியினரும் வினாக்களிலும் பெயரெச்சத் தொடர்களிலும் முன்னிடைச்சொல்லை விட்டுவிடுவதைக் காட்டியது. அப்படியானால் தமிழ்மீது மட்டும் பழி போடுவது சரியா? முழுப் பழியைப் போட முடியாதுதான். ஆயினும் எல்லாருக்கும் வரும் இந்த வழுவுக்குத் தாய்மொழியே துணை நிற்கும்போது அது ஊறிப்போகும் என்று கருத இடமுண்டு. கவனிக்க வேண்டிய இன்னொன்று, இவ்வினைகளையே தவிர்த்தல். டகுட், லாஃபர் இருவரும் 1985இல், ஹீப்ரு பேசும் மாணவர்கள் ஃப்ரேசல் வெர்பை ஒதுக்கி ஒற்றைச் சொல்லை நாடுவதைக் காட்டினர். ‘டிஃபிகல்ட் டு டாலரேட்’ என்று சொல்லி நாமும் தப்பிக்கலாம். அது பிழையே இல்லை. ஆனால் தேநீர் வேளைப் பேச்சில் அது சுற்றறிக்கை வாசிப்பதுபோல் ஒலிக்கும். பிறர் சொல்லும் ‘புட் அப் வித்’தைப் புரிந்துகொள்ளவும் அது உதவாது.

‘லுக் ஆஃப்டர்’ போன்ற இரு சொல் வினைகளைப் பட்டியலே காப்பாற்றிவிடும், ஏனெனில் ஒரே மூச்சில் மனத்தில் பதிந்தவை அவை. மூன்று சொல் வினைக்குத்தான் வேறு பயிற்சி வேண்டும். முதலில் ‘இட் இஸ் ஈஸி டு கெட் ஆன் வித் ஹிம்’ என்று முழுதாக எழுதச் செய்து, ‘வித்’துக்கு நேரான தமிழ் உருபு எது என்று கேட்க வேண்டும். பிறகு ‘ஹிம்’மை மட்டும் ‘ஹி’ ஆக்கி முன்னே நகர்த்தி, மற்ற எதையும் தொடாமல் விடச் சொல்ல வேண்டும். சிட்னியிலும் மெல்பர்னிலும் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்த்து, எந்தெந்தப் பெயரடைகளில் பிழை குறைகிறது, எவற்றில் குறையவில்லை என்று குறித்து வெளியிட வேண்டும்.