துணி மூட்டையும் பேனாவும்

கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். இயந்திரங்கள் அங்கே பேணப்படுகின்றன. கொழுந்து கொய்த மக்களின் வரலாற்றைப் பேணியோர் யார்?

அக்காலத் தோட்டங்கள் வெளியாருக்கு அடைத்த கோட்டைகள். துணி வியாபாரிக்கு மட்டும் வழி இருந்தது. தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், துணி மூட்டை சுமந்து லயங்களுக்குள் புகுந்தார். கங்காணியின் பிடியையும், தீராக் கடனையும் நேரில் கண்டார். கடன்பட்டவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது; வறுமை ஒழியவில்லை. 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஏடுகளில் அவர் எழுதினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கமும் கண்டார்.

1947இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. நாட்டைச் செழிக்கச் செய்தவர்களுக்கு நாடில்லை! இயந்திரங்களுக்கு அருகே அந்தத் துணி மூட்டைக்கும் ஓர் இடம் வேண்டும்.