ரூட் கெனாலை ஒழித்துக்கட்டப் பார்த்த ஒரு சொற்பொழிவு

"ரூட் கெனால் பண்ணின பல் உடம்பு முழுக்க விஷத்தைப் பரப்பும், உடனே பிடுங்கிப் போட்டுடுங்க" என்று ஒரு மெசேஜ் வாட்ஸப்பில் அவ்வப்போது சுற்றும். உங்களுக்கும் வந்திருக்கலாம். வாட்ஸப் காலத்துப் புரளி என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் இதற்கு வயது நூறுக்கு மேல். இதைக் கிளப்பிவிட்டவர்களும் அரைகுறைகள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய பெரிய டாக்டர்கள்.

1910 அக்டோபரில் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர், கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். சொத்தைப் பல்லின் மேல் தங்கத்தில் தொப்பி போடுகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள், அடியில் சீழ் நாறிக்கொண்டிருக்கிறது. காரணம் தெரியாத ரத்தசோகை, வயிற்றுக் கோளாறு, மூட்டுவலி எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்பது அவர் வாதம். அடுத்த வருடம் அது 'லான்செட்' இதழில் வந்தது. ஹன்டர் முக்கியமாகத் திட்டியது மோசமாகச் செய்த தங்க வேலைகளைத்தான். ஆனால் பழி மொத்தமும் ரூட் கெனால் தலையில் விடிந்தது.

நியாயமாகப் பார்த்தால் அவர் கோபத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. அன்றைய ரூட் கெனால் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1836-இல் ஸ்பூனர் என்ற அமெரிக்கர் பல் நரம்பைச் சாகடிக்க ஆர்சனிக் வைக்கச் சொன்னார். ஆமாம், பாஷாணமேதான்! 1838-இல் எட்வர்ட் மேனார்ட் கடிகார ஸ்பிரிங்கை ராவி, வேருக்குள் விட்டுச் சுரண்டும் கருவி செய்தார். 1867-இல் போமன், சுத்தம் செய்த வேர்க்குழாயை கட்டா பெர்ச்சாவால் அடைத்தார். இது மலாய் நாட்டு மரப்பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே பொருளால்தான். இன்றைக்கும் உங்கள் பல்லுக்குள் பெரும்பாலும் இதுதான் போகிறது. கருவி இருந்தது, அடைக்கப் பொருளும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: உள்ளே கிருமி போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள வழி.

ஹன்டருக்குப் பின் சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதை முறையான கோட்பாடாகவே ஆக்கினார். உடம்பில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் தொற்றுதான் வேறு இடத்து நோய்க்குக் காரணம், மூலையைக் காலி செய்தால் நோய் போய்விடும் என்றார். பல்லும் டான்சிலும்தான் முதல் குற்றவாளிகள். வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், நோயாளிகளிடமிருந்து பிடுங்கிய பற்களை முயலின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். முயலுக்கும் நோய் வந்தது என்று 1923-இல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். பின்னால் மற்றவர்கள் சுத்தமாகச் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் வரவில்லை. அவ்வளவு கிருமியை அவ்வளவு சின்ன உடம்பில் வைத்தால் முயல் படுக்காமல் என்ன செய்யும்? இன்றைய ஃபார்வர்டுகள் 'ஆதாரம்' என்று காட்டுவது பெரும்பாலும் இந்தப் பிரைஸைத்தான்.

இந்தக் கதையின் மிக இருண்ட இடம் நியூ ஜெர்சியின் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனை. அதன் தலைவர் ஹென்றி காட்டன், மனநோய்க்குக் காரணமே ஒளிந்திருக்கும் தொற்றுதான் என்று நம்பினார். முதலில் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், பிறகு டான்சில். அப்படியும் குணமாகாதவர்களுக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். குடல் அறுவை செய்தவர்களில் சுமார் முப்பது சதவீதம் பேர் இறந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். 1920-களின் நடுவில் ஃபில்லிஸ் கிரீனேக்கர் என்ற இளம் பெண் மருத்துவர் அங்கே போய்க் கணக்குப் பார்த்து, குணமடைந்தவர்கள் என்று காட்டன் சொன்னது பொய்க்கணக்கு என்று அறிக்கை எழுதினார். அவரை அனுப்பிய பேராசிரியர் அடால்ஃப் மேயர் அதை வெளியிடவில்லை! இந்த வரலாற்றில் எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். காட்டன் மோசடிக்காரர் என்றும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் பிடுங்க வைத்தவர் அவர்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின மாதிரி, அமெரிக்காவில் நல்ல பற்களும் சேர்ந்து போயின. பல கல்லூரிகள் ரூட் கெனாலைச் சொல்லித் தருவதையே நிறுத்தின. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் லேசாகக் கருப்புத் தெரிந்தால் போதும், டாக்டர் சீட்டு எழுதுவார், பல் மருத்துவர் பிடுங்குவார்.

இதை எதிர்த்தவர்களில் ஒருவரை அவசியம் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். வேர்க்குழாய்க்குள் ஈயக் கம்பியை விட்டு, எக்ஸ்ரேயில் நீளம் பார்த்தவர். தன் கருவியை வைத்தே நல்ல பற்களுக்குத் தண்டனை எழுதுகிறார்களே என்று 1920-இல் கொதித்துப்போய், இது இந்த யுகத்தின் குற்றம் என்றார். டாக்டர் சொன்னார் என்பதற்காகப் பிடுங்காதீர்கள், உங்கள் அறிவைப் பயன்படுத்துங்கள் என்று சக பல் மருத்துவர்களிடம் மன்றாடினார். அதற்குள் எக்ஸ்ரே அவர் கையைத் தின்றுகொண்டிருந்தது. குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தன் கையையே நடுவில் நீட்டிப் பார்ப்பது அன்றைய வழக்கம். விரல்கள் போயின, கை போனது, வலி தாங்காமல் 1928-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

காற்று மெதுவாகத்தான் திரும்பியது. 1938-இல் சீசில், ஆஞ்சவைன் இருவரும் முடக்குவாதம் உள்ள 200 பேரைப் பார்த்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் பெரிய பலன் இல்லை என்று எழுதினார்கள். இந்த சீசிலே முன்பு அந்தக் கோட்பாட்டின் பக்கம் நின்றவர்தான். 1943-இல் சிகாகோவில் ரூட் கெனால் நிபுணர்களுக்கென்று தனிச் சங்கம் பிறந்தது.

கடைசி ஆணி 1965-இல். காகெஹாஷியும் கூட்டாளிகளும் எலிகளின் பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்தபடி விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கோ, வாயில் உணவுத் துணுக்கு அடைத்திருந்தும், ஓட்டையின் மேல் புதுசாகப் பல்திசுப் பாலமே கட்டிக்கொண்டது. ஆக, திறந்து கிடக்கும் நரம்பு அழுகியே தீரும் என்றில்லை. கிருமியைத் துரத்தி, மறுபடி வராமல் அடைத்தால் போதும், பல் நிற்கும்.

பின்னால் வந்த புதுமைகள் எல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுதான்: வளைந்த வேருக்குள் வளைந்தே போகும் நிக்கல்-டைட்டானியம் ஊசிகள், 1990-களில் டோராபினெஜாட் கொண்டுவந்த எம்.டி.ஏ. சிமென்ட். கட்டடம் கட்டுகிற போர்ட்லேண்ட் சிமென்ட்டின் நெருங்கிய சொந்தம் அது!

அப்போ ஹன்டர் சொன்னதில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. வாய்க்கிருமி ரத்தத்தில் கலப்பது உண்மை. செயற்கை வால்வு போன்ற சில இதயப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சில பல் சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுப்பது அதனால்தான். ஆனால் அங்கிருந்து "எல்லாப் பல்லையும் பிடுங்கு" என்பதற்குத் தாவ முடியாது. அந்தத் தாவலைச் செய்த ஒரு ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வந்து, எதிர்ப்புக்குப் பின் 2019-இல் எடுக்கப்பட்டது.

இப்போது ஆராய்ச்சி இன்னொரு பக்கம் போகிறது. விளையாடும்போது விழுந்து பல் செத்துப்போன குழந்தைக்கு வேர் நுனி இன்னும் மூடியிருக்காது. அங்கே உள்ளே சுத்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே நுனியைக் கீறி ரத்தம் வரவைத்து, அது உறைந்ததும் மேலே மூடிவிடுகிறார்கள். 2001, 2004-இல் வந்த கட்டுரைகளுக்குப் பின் இது பரவியது. பல நேரம் வேர் தொடர்ந்து வளர்கிறது, சுவர் தடிக்கிறது. ஆனால் உள்ளே வளர்வது பெரும்பாலும் பழைய நரம்புத் திசு இல்லை. எலும்பு போலவோ, வேரின் மேலுறை போலவோ ஒன்று. அசல் நரம்பையே திரும்ப வளர்க்க முடியுமா என்று ஸ்டெம் செல்களை வைத்து முயற்சி நடந்துகொண்டிருக்கிறது.