அம்பு விஷம் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்த கதை

ஆபரேஷன் என்றாலே "மயக்க ஊசி போட்டுவிடுவார்கள்" என்பார்கள். ஆனால் பெரிய ஆபரேஷன்களில் கொடுக்கப்படுவது ஒரே மருந்து அல்ல. தூங்க வைக்க ஒன்று, வலியை அடக்க ஒன்று, பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தவும் ஒன்று. இந்த மூன்றாவதின் பூர்வீகம் தென் அமெரிக்கக் காடு!

அங்குள்ள பழங்குடியினர் சில கொடிகளைக் காய்ச்சி குராரே என்ற விஷம் எடுத்து அம்பு நுனியில் தடவி வேட்டையாடினார்கள். அடிபட்ட மிருகம் துவண்டு விழுந்து, மூச்சு நின்று சாகும். அதன் இறைச்சியைத் தின்றவருக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் குராரே குடல் வழியாக ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு.

1814-ல் லண்டனில் ஒரு கழுதைக்கு இந்த விஷத்தைச் செலுத்தினார் சார்லஸ் வாட்டர்டன். கழுதை விழுந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டு, துருத்தியால் காற்றடித்துக்கொண்டே இருந்தார்கள். விஷத்தின் வேகம் தணிந்ததும் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு 25 வருஷம் வாழ்ந்ததாம்!

1850களில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட் தவளைகளை வைத்து மர்மத்தை உடைத்தார். குராரே ஏறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் துடித்தது. அப்படியானால் கோளாறு இரண்டும் சந்திக்கும் இடத்தில். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் வந்து உட்கார வேண்டிய சீட்டில், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி குராரே முன்பே இடம் பிடித்துக்கொள்கிறது. இடம்தான் பிடிக்கும், வேலை எதுவும் செய்யாது. முதலில் கண், முகம், பிறகு கை கால், கடைசியாக மூச்சுக்கான உதரவிதானம் என்று தளரும். இதயம் மட்டும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும்.

1942 ஜனவரி 23. கனடாவின் மான்ட்ரியலில் ஹரோல்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும், குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஒரு இளைஞருக்கு மயக்க மருந்தோடு குராரேயையும் கொடுத்தார்கள். அதுவரை வயிற்றுத் தசை இளக வேண்டுமென்றால் மயக்க மருந்தை ஏகத்துக்கும் கொடுக்க வேண்டும், அது உயிருக்கே ஆபத்து. இனி கொஞ்சம் போதும்.

இங்கேதான் சிக்கல். அசையாமல் கிடப்பவர் தூங்குகிறாரா என்று எப்படித் தெரியும்? குராரேயே நினைவையும் மங்கச் செய்யும் என்று சில மருத்துவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை தப்பாக இருந்தால்... கத்தி படுவது முழுசாகத் தெரியும், கத்த முடியாது.

1947-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர், தானே படுத்துக்கொண்டு, குராரேயின் சாரமான டூபோகுராரினை ஏற்றச் சொன்னார். மயக்க மருந்து துளியும் கிடையாது. மூச்சை நிறுத்தத் தேவையான அளவைப்போல் இரண்டரை மடங்கு! செயற்கை சுவாசத்தில் கிடந்தவர், பேச்சு திரும்பியதும் நடந்தது அத்தனையையும் ஒப்பித்தார். எச்சிலை விழுங்க முடியாமல் பட்ட அவஸ்தை உட்பட. நினைவு ஒரு கணம்கூடத் தவறவில்லை. மின்னூட்டம் கொண்ட அந்த மூலக்கூறு ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை.

ஆபத்து ஆபரேஷனோடு முடிவதும் இல்லை. தசை முழுதாகத் திரும்புவதற்குள் நோயாளியைத் தானாக மூச்சுவிட விட்டால் உயிருக்கே மோசம். அதனால்தான் முடிந்ததும் நியோஸ்டிக்மின் போன்ற மாற்று மருந்து. அசிட்டைல்கோலினை அழியவிடாமல் பெருக்கி, துண்டு போட்டவரை நெருக்கித் தள்ளுவது அதன் வேலை.

1977-ல் மைக்கேல் டன்ஸ்டால் சிசேரியன் ஆபரேஷன்களில் ஒரு எளிய வழியைச் செய்து காட்டினார். தளர்த்தும் மருந்து ஏறுவதற்கு முன்பே ஒரு முன்கையைப் பட்டையால் இறுக்கிவிட்டால், மருந்து அந்தக் கைக்குப் போகாது. பிறகு "விரலை அழுத்துங்கள்" என்று காதருகே சொல்லிப் பார்க்கலாம். இந்த முறையில் பின்னாளில் நடந்த ஆய்வுகளிலும், தூங்குவதாக நினைத்த சிலரின் கை அழுத்தத்தான் செய்தது. அவர்களில் பலருக்கு எழுந்த பிறகு அது ஞாபகமே இல்லை.