தேசிய சுரங்கப் பாதுகாப்புக் கட்டமைப்பு (ஆஸ்திரேலியா)

தேசிய சுரங்கப் பாதுகாப்புக் கட்டமைப்பு என்பது சுரங்கத் தொழிலாளரின் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விதிகளை ஆஸ்திரேலியா முழுவதும் ஒத்திருக்கச் செய்ய, 2002 இல் நடுவண், மாநில அமைச்சர்கள் ஏற்ற ஏழு உத்திகளின் தொகுப்பாகும்.

பின்னணி

அங்கு சுரங்கப் பாதுகாப்பு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1994 இல் குயின்ஸ்லாந்தின் மௌரா சுரங்க வெடிப்பில் 11 பேரும், 1996 இல் நியூ சவுத் வேல்சின் கிரெட்லி சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 4 பேரும் இறந்தனர். பின்னர் இரு மாநிலங்களும் தனித்தனியே புதிய சட்டங்களை இயற்றின.

உத்திகள்

பொதுவான சட்ட அமைப்பு, பணித்தகுதி, சட்ட அமலாக்கம், தரவுத் திரட்டு, ஆராய்ச்சி முதலியன இவற்றுள் அடங்கும். ஒரே முறையில் தொகுத்த தரவு இருந்தால்தான் மாநிலங்களின் விபத்து வீதங்களை ஒப்பிட இயலும்.

தற்போதைய நிலை

2011 இல் மாதிரிப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் உருவான பின்னரும் முழு ஒருமை ஏற்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 2022 இல் அதைத் தழுவிய சட்டத்தின்கீழ்ச் சுரங்கங்களைக் கொண்டுவந்தது. குயின்ஸ்லாந்தில் சுரங்கங்களுக்குத் தனிச் சட்டங்களே உள்ளன.